வலப்பக்கத்து வண்டி

இரவு பதினொரு மணிக்குக் கோவையின் எல்லா நாற்சந்திகளிலும் சிவப்பும் பச்சையும் அணைந்து, மஞ்சள் மட்டும் விட்டுவிட்டு மின்னத் தொடங்கும். அதன்பின் ஓட்டுநரில்லாத தானோடிகளுக்கு ஒரே விதிதான்: வலப்பக்கம் வண்டி நின்றால் அதற்கு முதலில் வழிவிடு.

விதியை எழுதியவள் மாநகராட்சிப் பொறியாளர் இசையரசி. மனிதர்கள் ஓட்டிய காலத்தில் மஞ்சளைப் பார்த்து யாரும் வேகத்தைக் குறைத்ததில்லை. மாதம் நாலு மோதலாவது நடக்கும். இப்போது மூன்று வருடமாக ஒன்றுகூட இல்லை.

ஓர் இரவு இரண்டு மணிக்கு மருமகன் அழைத்தான்.

“அத்தை, கவிக்கு வலி எடுத்துருச்சுங்க. உங்களைத்தான் கேட்டுட்டே இருக்கா.”

அவள் ஏறிய தானோடி மில்மேடு நாற்சந்தியில் நின்றது. நின்றது நின்றதுதான். எதிரே ஒரு வண்டி, இரு பக்கமும் ஒவ்வொன்று. பத்து நிமிடமாகியும் எதுவும் அசையவில்லை. ஆஸ்பத்திரி இன்னும் ஆறு கிலோமீட்டர். கட்டுப்பாட்டு அறைக்குப் பேசினாள்.

“எங்க திரையில எல்லாம் சரியாத்தானுங்க மேடம் இருக்கு. விபத்து எதுவும் காணோமே?”

எதிர் வண்டியிலிருந்து கையெல்லாம் மாவோடு ஒருவர் இறங்கி வந்தார். கல்யாணச் சமையல்காரர் சென்னியப்பன்.

“ஏனுங்கம்மா, நாலரைக்கு முகூர்த்தம். இட்லி மாவு பொங்கி சீட்டெல்லாம் வழியுதுங்க. எவன் இந்தச் சட்டத்தைப் போட்டானோ!”

“நான்தாங்க போட்டேன்.”

இசையரசி விரல்விட்டு எண்ணினாள். தன் வலப்பக்கம் ஆளில்லாத பார்சல் வண்டி. அதன் வலப்பக்கம் சென்னியப்பன். அவருடைய வலப்பக்கம் பால் வண்டி, அதிலும் ஆளில்லை. பால் வண்டிக்கு வலப்பக்கம், அவளேதான்! நாலு வண்டியும் ஒரே நேரத்தில் வரும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை.

“யாராச்சும் ஒருத்தர் பின்னால போனாச் சரியாயிடும். ஆனா அவங்க கடைசியாத்தான் போகமுடியும்” என்றபடி தன் வண்டியின் பக்கம் திரும்பினாள்.

“நீங்க இருங்க. எங்க போறீங்க?”

“மகளுக்குப் பிரசவம்.”

“அப்புறம் என்னங்க? மாவைத் துடைச்சுக்கலாம்.” தன் வண்டியில் ஏறி, “பின்னால போ” என்றார்.

அது விலகியதும் பார்சல் வண்டி நகர்ந்தது. அடுத்து இசையரசி. அவள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது பேத்தி வீறிட்டுக்கொண்டே பிறந்தாள். சென்னியப்பனின் இட்லியும் பந்திக்கு வந்து சேர்ந்தது.

மறுநாளே விதியை மாற்றச் சொல்லி மேயருக்குக் கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. விருதுதான் வந்தது.

விழா மேடையில் மேயர் முழங்கினார்: “மூன்றாண்டு, ஒரு விபத்தில்லை! திங்கள் முதல் பகலிலும் மஞ்சள்தான்!”

இசையரசி பதறி ஒலிவாங்கியைப் பிடித்தாள். “வேண்டாங்க ஐயா! பகல்ல நாலு பக்கமும் எப்பவும் வண்டி இருக்கும். ஊரே நின்னுடும்!”

என்ன அடக்கம் என்று அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

திங்கட்கிழமை கோவையில் விபத்தே நடக்கவில்லை. எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு, நின்ற வண்டிகளுக்கு நடுவே அலுவலகத்துக்கு நடந்து போனார்கள்.