மந்தார விடுப்பு

அன்று காலை வானம் மந்தாரமாக இருந்தது. அதனால் போர் இல்லை.

ஏழாம் மேட்டு முகாமின் வீரர்கள் சோப்பும் துண்டுமாக ஓடைக்கு இறங்கினார்கள். எதிர்மேட்டிலிருந்தும் இறங்கினார்கள். இரு கரையிலும் துணி துவைக்கும் சத்தம் கேட்டது. யாரும் அக்கரையுடன் பேசுவதில்லை. ஒரு கரையின் துண்டு நீரோடு போனால் மறுகரையில் பிடித்துத் திருப்பி எறிவார்கள். அவ்வளவுதான்.

உலகில் எண்ணெய் தீர்ந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கதிர்ப்பீரங்கிகள் ஒளித்தகடுகளிலிருந்து நேராக மின்சாரத்தை உறிஞ்சிச் சுட்டன. ஒரு முறை சுடுவதற்கு, முகாம் முழுவதும் மூன்று நாள் செலவழிக்கும் மின்சாரம் வேண்டும். வெயில் இல்லையென்றால் இரு பக்கத்துப் பீரங்கிகளும் வெறும் இரும்பு. யாரும் ஒப்பந்தம் எழுதவில்லை. மந்தார விடுப்பு என்று வீரர்களே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

மின் அலுவலர் லெப்டினன்ட் பிரிசில்லா மட்டும் ஓடைக்குப் போகவில்லை. மருத்துவமனையை ஒட்டிய அறையில் சேமகலத்தின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் அந்த உருளையை முன்பு யாரும் நிரப்பியதில்லை. வெயில் தருவதையெல்லாம் பீரங்கி குடித்தது. மீதியை முகாம் குடித்தது.

சென்ற மழைக்காலத்தில், தொடர்ந்து ஐந்தாவது மந்தார நாளில், இசக்கிராஜ் என்ற வீரன் அறுவை மேசையில் இருந்தபோது விளக்கும் மூச்சுக்கருவியும் நின்றன. கைவிளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவள் பிரிசில்லா. அவன் பிழைக்கவில்லை. மறுநாள் முதல் அவள் சேமிக்கத் தொடங்கினாள். விடுதிகளின் மின்விசிறிகளைக் கழற்றினாள். வெந்நீரை நிறுத்தினாள். சமையலறையின் மூன்று அடுப்புகளை ஒன்றாக்கினாள். பதினோரு மாதத்தில் முள், முகாம் முழுவதற்குமான பன்னிரண்டரை நாள் செலவைத் தொட்டது. மருத்துவமனைக்கு மட்டும் என்றால் மழைக்காலம் முழுவதும் போதும்.

அது தேவைப்படும் முதல் நாள் இதுதான். ஹவில்தார் சொரிமுத்துவுக்குக் குடல்வால் வெடித்திருந்தது. தூக்குப்படுக்கையில் கொண்டுவந்தார்கள். வலியிலும் அவர் வாய் ஓயவில்லை.

"எங்க ஃபேனப் புடுங்கிட்டுப் போனீயல்லா மேடம், அந்தக் காத்தெல்லாம் இந்த டப்பாக்குள்ளயா இருக்கு?"

"ஆமாண்ணே. உங்களுக்குத்தான். பேசாம படுங்க."

"என் குறட்டையில கரண்டு எடுக்க வழி உண்டான்னு பாருங்க. ஊருக்கே குடுக்கலாம்."

கதவு மூடியது. இரண்டு மணி நேரம் ஆகும் என்றார் மருத்துவர். உள்ளே மூச்சுக்கருவி சீராக இயங்கும் ஒலி கேட்டது. பதினோரு மாதத்தில் முதல்முறையாகப் பிரிசில்லா நிம்மதியாக உட்கார்ந்தாள்.

கர்னல் தாமோதரன் உள்ளே வந்தார். முள்ளைப் பார்த்தார்.

"பன்னிரண்டரை நாளா?"

"ஆமா சார்."

"அரை நாள் மின்சாரம் இந்த ஆபரேஷனுக்குப் போதும்ல?"

"தாராளமா போதும் சார்."

"அப்ப மிச்சத்துல நாலு தடவை சுடலாம்."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "சார், அவங்க கீழ குளிச்சிட்டு இருக்காங்க."

"அதனாலதான்."

"நம்ம ஆளுங்களும் கீழதான் இருக்காங்க."

"மேல வரச் சொல்லியாச்சு. டீ ரெடின்னு சொன்னா போதும், வந்துடுவாங்க." பீரங்கியின் தடித்த கம்பியை இரண்டு பேர் இழுத்துவந்து சேமகலத்தில் பொருத்தினார்கள்.

உருளையின் பக்கவாட்டில் ஒரு சிவப்புப் பிடி இருந்தது. ஆபத்து நேர்ந்தால் இழுப்பதற்கு. இழுத்தால் உள்ளிருக்கும் மின்சாரம் முழுவதும் நொடியில் மண்ணுக்குள் இறங்கிவிடும். பிரிசில்லாவின் கை அதைப் பற்றியிருந்தது. எப்போது பற்றியது என்று அவளுக்கே தெரியவில்லை.

கர்னல் அந்தக் கையைப் பார்த்தார். அவர் குரல் உயரவில்லை.

"இழும்மா. நான் தடுக்க மாட்டேன். ஆனா உள்ள சொரிமுத்து வயிறு திறந்து கெடக்கறாரு."

மூச்சுக்கருவி இயங்கிக்கொண்டிருந்தது. உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. அவள் அதைக் கேட்டபடியே நின்றாள். கை பிடியிலேயே இருந்தது. இழுக்கவில்லை.

பீரங்கி சுட்டது. முதல் முறை விளக்குகள் மங்கி மீண்டன.

"பிரிசில்லா, லைட்!" என்று உள்ளிருந்து மருத்துவர் கத்தினார்.

இரண்டாம் முறையும் கத்தினார். மூன்றாம் முறையும். நான்காம் முறை விளக்கு மங்கியபோது அவர் கத்தவில்லை. அவருக்கும் காரணம் தெரிந்துவிட்டது போலும்.

சொரிமுத்து பிழைத்துக்கொண்டார். எதிர்க்கரையில் எத்தனை பேர் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் தன் வழக்கமான கேலியோடு எதையும் கேட்கவில்லை. தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது. எல்லா முகாம்களும் ஏழாம் மேட்டைப் போல மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்று உத்தரவும் வந்தது. சேமகலங்களை இனி மருத்துவமனையிலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்று அதன் கடைசி வரி சொன்னது.

தையல் பிரித்த அன்று மாலை, சொரிமுத்து வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிரிசில்லா பக்கத்தில் நின்றாள். இருட்டத் தொடங்கியிருந்தது. எதிர்மேட்டு விடுதிகளின் சன்னல்களில் வெளிச்சம் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சன்னல் அணைந்தது. பிறகு அடுத்தது. பிறகு வரிசை முழுவதும்.

"பயந்து ஓடிட்டானுவ போல மேடம்" என்றார் சொரிமுத்து.

ஒரே ஒரு சன்னலில் மட்டும் வெளிச்சம் மிஞ்சியிருந்தது. யாரோ நடந்துபோய் அதையும் அணைத்தார்கள்.

"ஓடலண்ணே" என்றாள் பிரிசில்லா. "சேமிக்க ஆரம்பிச்சிட்டாங்க."