குறை சொல்லாத மாலை

பேக்கரிக்காரன் ஜெயவேலின் கணக்கு, திருட்டுப் பணம் என்று வங்கித் திரையில் சிவந்ததும் பூங்கோதைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் தங்கை சுகந்தி, மனையை விற்ற பணம் முழுவதையும் மறுநாள் காலை அந்த ஆளிடம்தான் கொடுக்கப்போகிறாள். புது பேக்கரியில் பங்காம்.

கோவையின் பெரிய வங்கி ஒன்றில், விதிகாப்புப் பிரிவின் அதிகாரி பூங்கோதை. அதிகாரி என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். திருட்டுப் பணத்தை மோப்பம் பிடிப்பதும் அரசுக்கு அறிக்கை எழுதுவதும் ஐயமானி என்கிற செயற்கை அறிவுப் பொறியின் வேலை. மனிதர்களுக்கு அது மிச்சம் வைத்தது இரண்டே வேலை: கையெழுத்துப் போடுவது, வாயை மூடிக்கொண்டிருப்பது. பின்னால் இருக்கும் பெரிய புள்ளிகள் சிக்கும்வரை பணம் போகிற போக்கில் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதுவரை வெளியில் மூச்சு விடக்கூடாது; விட்டால் வேலையும் போகும், சிறையும் உண்டு. அதைக் கண்காணிக்க ஒவ்வோர் அதிகாரியின் மணிக்கட்டிலும் ஒரு செவிப்பட்டை. வீட்டில் பேசுவது, குரல் நடுங்குவது, நாடி துள்ளுவது, எல்லாம் அதன் காதில் விழும்.

அன்று மாலை சுகந்தி தேங்காய் பன்னோடு வந்து நின்றாள்.

"ஜெயவேல் கடைல வாங்குனதுக்கா. தின்னு பாரு."

பூங்கோதை தின்றாள். 'போகாதேடி' என்ற சொல் நாக்கு நுனியில் நின்று குதித்தது. ஜாடை காட்டலாமா? நாடி காட்டிக்கொடுத்துவிடும். நாள் நன்றாக இல்லை என்று கதை கட்டலாமா? அப்படிக் கதை கட்டிய சிலர் இப்போது வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் எழுந்து ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள்.

"நல்லாருக்கு" என்றாள்.

"நாளைக்குக் காலைல பணத்தப் போட்டுரட்டுமா?"

"உன்ர இஷ்டம்."

சுகந்தியின் முகம் மலர்ந்தது.

"என்ர மாப்பிள்ளைல இருந்து கட்டுற சீலை வரைக்கும் நீ நொட்டை சொல்லாத சங்கதி உண்டா? இதுக்கு ஒண்ணுமே சொல்லல பாரு! பேங்க்ல இருக்கற நீயே சும்மா இருந்தா, அவரு தங்கமான ஆளுதான். அரைமனசாத்தான் வந்தேன்க்கா. இப்பத்தான் தெம்பாச்சு."

பன்னில் சர்க்கரை அதிகம், அந்த ஆளின் மீசை சரியில்லை என்று வழக்கம்போல் எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே! ஊரெல்லாம் பேர்போன அந்த வாய் இன்றைக்குப் பார்த்தா ஒழுங்காக இருக்கவேண்டும்? இனிமேல் சொன்னால் அது பச்சையான எச்சரிக்கை. தங்கை சந்தோஷமாகப் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அலுவலகத்தில் நுழைந்ததுமே அவளுடைய திரையில் ஐயமானியின் தீர்ப்பு காத்திருந்தது.

'பூங்கோதை தங்கையிடம் எப்போதும் குறை சொல்பவர். நேற்று சொல்லவில்லை. வழக்கம் மாறிய மௌனம் எச்சரிக்கைக்குச் சமம். தகவல் கசிந்துவிட்டது. பணிநீக்கம்.'

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. கூடவே, வெட்கமில்லாமல் ஒரு நிம்மதியும் வந்தது. சொல்லாததற்கே தண்டனை என்றால் சொல்லியே விடலாமே! செவிப்பட்டையைக் கழற்றக்கூடப் பொறுமையில்லாமல் தங்கையைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"சுகந்தி, பணத்தப் போட்டுராத! அவன் திருடன்டி!"

"ஐயோ, இப்பத்தானேக்கா அனுப்புனேன்! நேத்து நீ ஒண்ணுமே சொல்லலையே!"

அதற்குள் பக்கத்து மேசை வரதராஜனின் திரை சிவந்தது. அவளுடைய வேலைகள் எல்லாம் அவருக்கு மாற்றப்பட்டிருந்தன. எட்டிப் பார்த்தாள்.

'சுகந்தி: ஜெயவேலின் கூட்டாளி. நேற்று மாலையே எச்சரிக்கப்பட்டும், தெரிந்தே பணம் அனுப்பியவர். ஆதாரம்: அக்கா எதுவும் சொல்லவில்லை என்று அவரே தொலைபேசியில் ஒப்புக்கொண்டது.'

"சார், அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க சார்" என்று பூங்கோதை கெஞ்சினாள்.

வரதராஜன் தன் மணிக்கட்டைப் பார்த்தார். அவளை நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

"அக்கா, லைன்ல இருக்கியா?" தொலைபேசியில் சுகந்தி அழுதுகொண்டிருந்தாள். "என்னமாச்சும் சொல்லுக்கா!"