சண்டைக்கு இறங்காத தளபதி

வரலாற்று ஆசிரியருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆண்டு முடியும் தறுவாயில், வகுப்பில் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த படைத்தளபதியைத் தேர்ந்தெடுத்து, அவருக்காக எல்லோர் முன்னாலும் வாதாட வேண்டும். அந்தத் தளபதியின் படையைக் கரும்பலகையில் வரைய வேண்டும். ஒரு கோடு என்றால் பத்தாயிரம் வீரர்கள். போரில் ஆட்கள் செத்தால் அதற்குத் தக்கபடி கோடுகளை அழிக்க வேண்டும். கடைசியில் வகுப்பு கைதூக்கி ஓட்டுப் போடும்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது அழிக்கும் வேலைதான். ஒவ்வொரு கோடு போகும்போதும் "போச்சு" என்று வகுப்பே சேர்ந்து கத்தும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து முறைத்துவிட்டுப் போவார்.

போன வருடம் சுண்டு தேர்ந்தெடுத்தது ஹன்னிபாலை. யானைகளோடு பனிமலையைத் தாண்டியவர். சுண்டு என்றால் அவ்வளவு சின்ன உருவம். நாற்காலி மேல் ஏறி நின்றுதான் கோடு போட்டாள். மலையில் செத்தவர்களை இரண்டு கையாலும் அழித்தாள். அவள்தான் ஜெயித்தாள்.

இந்த வருடம் அவளுக்கு ஒன்றுமே ஓடவில்லை.

"நான் நெப்போலியன்" என்றான் ஒட்டடை. ஒல்லியாக, உயரமாக இருப்பான். ஒட்டடைக்குச்சி என்று ஆரம்பித்த பெயர் தேய்ந்து ஒட்டடை ஆகிவிட்டது. "நீ மறுபடியும் யானைக்காரர்தானே?"

"தெரியல."

"நாளன்னைக்குப் பேசணும். இன்னும் தெரியலைன்னா எப்படி?"

"தெரியலன்னா தெரியல. விடு."

ஒட்டடை விட்டுவிட்டான். சுண்டு இப்போதெல்லாம் இப்படித்தான் எரிந்து விழுகிறாள் என்பது அவனுக்குத் தெரியும். ஏன் என்றுதான் தெரியாது.

காரணம் அவளுடைய அண்ணன். அவன் ராணுவத்தில் லாரி ஓட்டுகிறான். எல்லையில் சண்டை தொடங்கியதும் அவனுடைய பிரிவை அங்கே அனுப்பிவிட்டார்கள். முதலில் வாரம் தவறாமல் போன் வந்தது. "சாப்பாட்டுல கல்லு, ஆனா வயிறு கல்லையும் செரிக்குது" என்று சிரிப்பான். பிறகு போன் வருவது நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவனைப் பற்றிப் பேசுவதில்லை. அம்மா வீட்டிலேயே சட்டை தைத்துக் கடைக்குக் கொடுப்பவள். நேற்று ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு சைக்கிள் ரிப்பேர் கடை. சாயங்காலம் வந்தால் கையில் கிரீஸ் போகும்வரை சோப்புப் போட்டுக்கொண்டே இருப்பார். கிரீஸ் போன பிறகும் போட்டுக்கொண்டிருப்பார். சின்னப் பெண் பயந்துவிடுவாள் என்று அவர்கள் பேசவில்லை. பேசினால் அம்மா அழுதுவிடுவாள் என்று சுண்டு கேட்கவில்லை. ஆக மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தார்கள்.

அண்ணன் வருவானா மாட்டானா என்பதை விட, அவன் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் இருப்பதுதான் சுண்டுவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் மதியம் பள்ளி நூலகத்துக்குப் போனாள். நூலக அக்கா தளபதிகள் புத்தகங்களைத் தனியாக எடுத்தே வைத்திருந்தார். இந்த வாரம் பாதி வகுப்பு அங்கேதானே வந்து விழுகிறது.

"யாரு வேணும்? அலெக்சாண்டர் ரெண்டு பேர் எடுத்துட்டாங்க."

"அக்கா, யாரு நிறையப் பேரைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்கன்னு எதுல போட்டிருக்கும்?"

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "ஜெயிச்சதைத்தானே போடுவாங்க. திரும்பி வந்ததை யாரு எண்ணுறாங்க? நீயே தேடிப் பாரும்மா."

சுண்டு புரட்டினாள். நாடுகளைப் பிடித்தவர், கோட்டைகளை உடைத்தவர், குதிரைமேல் வாளோடு நிற்பவர் என்று படம் படமாக இருந்தது. அவர்களுக்குப் பின்னால் நடந்தவர்களுக்கு முகமே வரையவில்லை. அண்ணன் மாதிரி யாராவது ஒருவர் வண்டி ஓட்டியிருப்பார் இல்லையா என்று தேடினாள். தூரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள்தான் இருந்தன. மணி அடிக்கும் நேரத்தில், ஹன்னிபாலின் கதையிலேயே ஓர் ஓரத்தில் இன்னொருவர் கிடைத்தார். போன வருடம் படிக்காமல் தாண்டிப் போன பக்கம் அது.

வெள்ளிக்கிழமை ஒட்டடை முதலில் பேசினான். அறுபது கோடு போட்டான். ஆறு லட்சம் பேர். பலகை போதவில்லை. நெப்போலியன் ரஷ்யாவுக்குள் போனார், பனி வந்தது, பசி வந்தது. ஒட்டடை அழிக்க ஆரம்பித்தான்.

"போச்சு! போச்சு! போச்சு!"

வகுப்பு மேசையைத் தட்டியது. ஒட்டடையின் முழுக்கைச் சட்டை வெள்ளையாகிவிட்டது. கடைசியில் பத்துக் கோடுகூட மிஞ்சவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். சுண்டு தட்டவில்லை. தரையில் கொட்டியிருந்த சாக்பீஸ் தூளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்து யாரு?" என்றார் ஆசிரியர்.

சுண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். நாலே நாலு கோடு போட்டாள்.

"இவ்வளவுதானா?" என்று யாரோ சிரித்தார்கள்.

"இவர் பேரு ஃபேபியஸ். ரோம் நாட்டுத் தளபதி. ஹன்னிபால் இவங்க நாட்டுக்குள்ள புகுந்துட்டார். ஏற்கெனவே சண்டை போட்டவங்க எல்லாம் தோத்துட்டாங்க. நேருக்கு நேர் போனா நம்ம ஆளுங்க செத்துருவாங்கன்னு இவருக்குத் தெரியும். அதனால மலை மேலயே இருந்தார். ஹன்னிபால் எங்க போனாலும் மலையோரமாவே பின்னால போனார். அவங்களுக்குச் சாப்பாடு கிடைக்காம பண்ணார். பெரிய சண்டைக்கு மட்டும் இறங்கவே இல்ல."

"அப்புறம்?"

"சொந்த ஊர்க்காரங்களே கேலி பண்ணாங்க. பயந்தாங்கொள்ளின்னாங்க. ஹன்னிபாலுக்கு எடுபிடின்னாங்க. அப்பவும் இறங்கல."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன் "அழிக்க ஒண்ணுமே இல்லையா சார்?" என்று கேட்டான். ஏமாந்துபோன குரல்.

"இவர் பதவி முடிஞ்சு போனதும் வேற தளபதிங்க அவசரப்பட்டு இறங்கினாங்க" என்றாள் சுண்டு. "ஒரே நாள்ல ஆயிரக்கணக்கா செத்துப்போனாங்க."

"அப்ப அதை வரைஞ்சு அழி!"

"மாட்டேன். அது இவர் கணக்கு இல்ல."

ஆசிரியர் மேசையிலிருந்து எழுந்தார். அவருக்குக் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "பேர் வாங்கின தளபதிங்க எத்தனையோ பேர் இருக்காங்க. உனக்கு ஏன்மா இவரைப் பிடிச்சுது?"

சுண்டு படித்து வைத்திருந்த பதில் வேறு. வாயில் வந்தது வேறு. "எங்க அண்ணன் எல்லையில இருக்கான் சார். ரொம்ப நாளா போன் இல்ல. அவனுக்கு இந்த மாதிரி ஒரு தளபதி இருந்தா நல்லா இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் கிட்டே வந்து, அவள் இறங்குவதற்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

ஓட்டில் நெப்போலியன்தான் ஜெயித்தார். ஃபேபியஸுக்கு மூன்றே ஓட்டு. ஒன்று சுண்டுவுடையது. ஒன்று முன்வரிசைப் பெண்ணுடையது. மூன்றாவது, வெள்ளைச் சட்டைக்கையோடு உயரமாகத் தூக்கியிருந்த ஒட்டடையின் கை.

"டேய், நீதான்டா நெப்போலியன்" என்று பக்கத்தில் இருந்தவன் இழுத்தான்.

"இருந்துட்டுப் போறேன், உனக்கென்ன" என்றான் ஒட்டடை. வகுப்பு முடிந்ததும் சுண்டுவிடம் வந்து, "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றான். வேறு எதுவும் கேட்காமல் அவள் வீட்டுத் தெருமுனைவரை கூடவே நடந்து வந்தான்.

அம்மா தையல் மெஷினில் இருந்தாள். தலை நிமிரவில்லை. "போட்டி என்னாச்சு?"

"தோத்துட்டேன்."

"யானைக்காரரா?"

"இல்ல. வேற ஒருத்தர்." சுண்டு பையைக் கீழே வைத்தாள். இனிமேலும் பொறுக்க முடியாது என்று தோன்றியது. "அம்மா, நான் கிளாஸ்ல அண்ணனைப் பத்திச் சொல்லிட்டேன்."

மெஷின் நின்றது.

திட்டு விழும் என்று நினைத்தாள். விழவில்லை. அதனால் எல்லாவற்றையும் சொன்னாள். மலை, கேலி, நாலு கோடு, எதையும் அழிக்காதது. அம்மா துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தத் தளபதி பேரு என்ன சொன்ன?"

"ஃபேபியஸ்."

"வாயில நுழையாத பேரா இருக்கு." அம்மா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டும் தப்பு. "அவரு மட்டும் இப்ப இருந்தா, நானே உங்க அண்ணனைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் அவர்கிட்ட விட்டுட்டு வருவேன்" என்றாள். அதற்கு மேல் முடியாமல் அழுதாள். சுண்டுவும் அழுதாள். இத்தனை நாள் பயந்த அழுகை வந்தேவிட்டது. வந்த பிறகு அது அவ்வளவு பயமாக இல்லை.

அப்பா வாசலில் செருப்பைக் கழற்றியபடி நின்றுவிட்டார். "போன் வந்துச்சா?"

"ஒண்ணும் வரல, பயப்படாதீங்க" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இவ நம்ம பையனுக்குன்னு ஒரு தளபதியைத் தேடிப் பிடிச்சிருக்கா."

அப்பா கை கழுவக்கூடப் போகவில்லை. கிரீஸ் கையோடு தரையில் உட்கார்ந்தார். "எங்க, எனக்கும் சொல்லு."

சுண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னாள். முடித்ததும் அப்பா, "ஜெயிச்சாரா?" என்று கேட்டார்.

சுண்டு வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள். "கூட வந்தவங்களைச் சாகக் குடுக்கல."

அப்பா தலையாட்டினார். பிறகு, "உங்க அண்ணன் இங்க இருந்தா என்ன சொல்லுவான் தெரியுமா? அந்த ஆளு மலை மேலயே இருந்தாரே, அங்க சாப்பாட்டுல கல்லு உண்டான்னு கேட்பான்" என்றார்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத முகத்திலேயே சிரித்தாள்.

அன்றும் போன் வரவில்லை. ஆனால் அன்று மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து, அண்ணனைப் பற்றியே பேசிப் பேசி, சட்டியில் இருந்ததைக் காலி செய்தார்கள்.