ஒத்தக்கடைக் கடல்

சிவக்குமார் மேசைமீது வைத்த புட்டியில் இருந்தது கடல்நீர் என்றால் எவரும் நம்பமாட்டார்கள். அரைத்த கீரையைக் கரைத்துவிட்டாற்போல் அத்தனை பச்சை.

"ஒத்தக்கடையில புது வீடு சார். உப்புத்தண்ணித் தொட்டி வச்ச புதுசுலயே பாசி புடிச்சுப்போச்சு. மீனெல்லாம் ஒண்ணொண்ணாச் சாகுது. வீட்டுக்குள்ளேயே யாரோ வேலையக் காட்டுறாங்க. ஆளை மட்டும் சொல்லுங்க, அன்னைக்கே வாசலைத் தாண்டணும்."

"பார்த்துருவோமுங்க" என்று துப்பறிவாளர் பீமாராவ் பணிவுடன் கூறினார். அவருடைய உதவியாளர் பவதாரிணி அதற்குள் பையைத் தோளில் மாட்டிவிட்டாள். வேலைக்குச் சேர்ந்தபின் அவளுக்கு வாய்த்த முதல் புதிர் அது.

சிவக்குமார் வீட்டுக் கூடத்தில் தொட்டி ஒரு சுவரையே அடைத்து நின்றது. கண்ணாடியெங்கும் பாசி. எஞ்சியிருந்த ஒற்றை மீன் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து திணறிக்கொண்டிருந்தது.

"இதுங்கதான் சார் நம்ம பிள்ளைங்க. வேற எங்க?" என்று சிரித்தான் சிவக்குமார். காப்பி கொண்டுவந்த அவன் மனைவி அஸ்வினி, தட்டை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அவன் வீட்டு வேலைக்கு வரும் மலையம்மாளைக் கைகாட்டினான். "இவதான். சோப்புக் கையை உள்ள விட்டிருப்பா."

"சாமி சத்தியமா இல்லைய்யா! பாசி புடிச்சதுக்கு நான் என்ன செய்வேன்?"

"பயப்படாதீங்கக்கா" என்றாள் அஸ்வினி. "இம்புட்டு விளைஞ்சிருக்கு, அது சோப்புல வந்ததா இருக்காது."

பவதாரிணி பால்கனிக்கு ஓடினாள். ரோஜாச் செடிகள் கருகி, சட்டிகளில் மண் வெடித்துக் கிடந்தது. ஓரத்தில் வாய் பிரித்த டி.ஏ.பி. உரப்பை ஒன்று, பாதி காலியாக.

"எழுமலையில இருந்து மாமனார் கொண்டாந்தது" என்றான் பின்னால் வந்த சிவக்குமார். "இவ கை பட்டா எது சார் முளைக்கும்? செடிதான் இல்லைன்னா..." முடிக்காமல் மனைவியின் வயிற்றைப் பார்த்தான்.

பீமாராவ் இரு கண்ணாடிக் குழாய்களில் நீரெடுத்து மருந்துச் சொட்டுகளை விட்டார். தொட்டியில் ஊற்ற, உப்புக் கலப்பதற்காக வைத்திருந்த சுத்திகரித்த நீர் நிறம் மாறவில்லை. தொட்டி நீரோ மசிபோல் நீலமாயிற்று. அவர் எல்லோரையும் கூடத்தில் உட்காரச் சொன்னார்.

"சோப்பு விழுந்திருந்தா, காத்து ஓடுற தொட்டி நுரை கக்கியிருக்குமுங்க. நுரையே இல்லை. அதனால மலையம்மாள் இல்லை. இந்த நீலம் பாஸ்பேட். ஊத்துற தண்ணியில அது இல்லை, ஆகவே யாரோ தனியாப் போட்டிருக்காங்க. பாசிக்கு அது சோறு. கூட வர்ற அம்மோனியா மீனுக்கு விஷம். ரெண்டும் சேர்ந்திருக்கிறது டி.ஏ.பி.யில. உரம் பாதி தீர்ந்திருக்கு, செடியோ தண்ணியைக்கூடப் பார்க்கலை."

"உரத்தை யாரும் எடுத்திருக்கலாமே சார்?" என்றாள் பவதாரிணி ஆவலுடன்.

"எடுக்கலாம். ஆனா மத்தவங்கல்லாம் பாசி 'புடிச்சிருக்கு'ன்னுதான் சொன்னாங்க. தானா வர்றதை 'விளைஞ்சிருக்கு'ன்னு யார் சொல்லுவா? உரம் போட்டவங்க சொல்லுவாங்க." அவர் அஸ்வினியைப் பார்த்துக் கைகூப்பினார். "மன்னிக்கணும் அம்மா."

சிவக்குமார் எழுந்தான். "ஏண்டி?"

"எதுவும் முளைக்காதுன்னீங்கள்ல" என்றாள் அஸ்வினி. "முளைச்சிருச்சு. மீன் பாவம்தான்."

"உங்கப்பனுக்குப் போனைப் போடுறேன். போறதுக்கு முன்னாடி அந்தப் பாசியைத் தேய்ச்சு வச்சிட்டுப் போ."

பவதாரிணி பீமாராவை ஏறிட்டாள். "சார், ஏதாவது சொல்லுங்க."

"ஆள் யாருன்னுதான் கேட்டாரும்மா" என்று அவர் குழாய்களைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். உரப்பையை மகிழ்ச்சியோடு கண்டுபிடித்த தன் கைகளை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மலையம்மாள் சுரண்டியை எடுத்தாள். அஸ்வினி அவள் மணிக்கட்டைப் பற்றினாள்.

"வேணாம்க்கா. இந்த வீட்ல என் கையால வளந்தது அது ஒண்ணுதான்."

அஸ்வினி படியிறங்கும்வரை மலையம்மாள் அசையவில்லை.

"என்ன வேடிக்கை? தேய்" என்றான் சிவக்குமார்.

பாசி விலக விலகக் கண்ணாடி துலங்கியது. உள்ளே கடைசி மீன் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது.