இலவம்பஞ்சு மெத்தை

மூன்று நாள் நிம்மதியாகத் தூங்குவதற்காகத்தான் அங்கே போனோம். சுற்றிப் பார்க்க அல்ல.

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். ஐந்து மாதமாகத் தொடர்ந்து இரவுப் பணி. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்நேரமும் போன் வரும், எங்காவது யாராவது இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் படுத்து எழுந்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கே நினைவில்லை.

மழைக்காட்டுக்கு நடுவே, மரத்தூண்கள் மேல் நின்ற குடில் அது. போய்ச் சேர்ந்தபோது பகல் இரண்டு மணி, ஆனாலும் மரங்கள் வெளிச்சத்தைக் கீழே இறங்க விடவில்லை. ஈரப் பலகையும் மக்கிய இலையும் கலந்த வாசனை. எங்கோ விடாமல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. விடுதிக்காரர் கொசுவலையைத் தூக்கி மெத்தையைத் தட்டிக் காட்டினார்.

"அசல் இலவம்பஞ்சு, சிஸ்டர். இதுல படுத்தவங்க சீக்கிரம் எழுந்ததே இல்ல."

"எங்களுக்கு அதுதாங்க வேணும்," என்றார் என் கணவர், கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்து எறிந்தபடி.

ஒருக்களித்துப் படுத்தேன். என் உடம்பின் மேடு பள்ளங்களையெல்லாம் முன்பே தெரிந்து வைத்திருந்ததுபோல மெத்தை இடம் கொடுத்தது. இடுப்பு வலி கரைந்தது. கூரையில் மழை இறங்கியது. அவ்வளவுதான் நினைவு.

விழித்தபோது அறை இருண்டு கிடந்தது. முதுகுப் பக்கமிருந்து ஒரு கை என் இடுப்பை வளைத்திருந்தது. வெதுவெதுப்பான கை. அதன்மேல் என் கையை வைத்துக்கொண்டேன்.

"மணி என்னங்க ஆச்சு?"

குளியலறைக் கதவு திறந்தது.

துண்டால் தலையைத் துவட்டியபடி என் கணவர் வெளியே வந்தார். "எழுந்துட்டியா? அஞ்சாகப் போகுது."

இடுப்பிலிருந்த கை இறுகியது.

எனக்குப் பின்னால் யாரும் இல்லை. விரிப்பைக் கிழித்துக்கொண்டு, மெத்தைக்குள்ளிருந்து அது வந்திருந்தது. இன்னொரு கை எழும்பி என் கழுத்தைப் பிடித்தது. என் விலா எலும்பு முறியும் சத்தம் எனக்கு உள்ளிருந்தே கேட்டது.

அவர் பாய்ந்து வந்து அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். ஒன்றுகூட அசையவில்லை. வராந்தாவுக்கு ஓடி, அங்கே செருகியிருந்த கொடி வெட்டும் அரிவாளோடு திரும்பினார். என் உடம்பை ஒட்டி வெட்டினார். வெள்ளைப் பஞ்சு பறந்தது. அடுத்த வெட்டில் நனைந்த பஞ்சு. அதற்கடுத்து சிவந்த பஞ்சு.

கைகள் என்னை விட்டன. தரையில் போய் விழுந்தேன்.

அரிவாளும் விழுந்தது. ஏனென்றால் மெத்தை இப்போது அவருடைய வலது கையைப் பிடித்திருந்தது.

அவர் விரல்கள் பஞ்சுக்குள்ளே போயின. பிறகு மணிக்கட்டு. எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குப் பழக்கம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டேன். அவர் முகம் மெத்தையில் அழுந்தி, வாய்க்குள் பஞ்சு ஏறிக்கொண்டிருந்தது.

"வெட்டு," என்றார், பஞ்சைத் துப்பிவிட்டு.

"என்னால முடியாதுங்க."

"தோள் வரைக்கும் போயிடும். வெட்டு."

கொசுவலைக் கயிற்றைப் பிய்த்து, முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். அரிவாளை எடுத்தேன். மூன்று வெட்டு. முதல் வெட்டு சரியாக விழவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

அவரை வராந்தாவரை இழுத்து வந்தேன். விடுதிக்காரர் ஜீப்பை எடுத்தார். ஆஸ்பத்திரி வரும்வரை அந்தக் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். மறுநாள் போலீஸ் அந்த மெத்தையைப் பிரித்துப் போட்டுப் பார்த்தது. உலர்ந்த பஞ்சு மட்டும்தான் இருந்தது. ரத்தம் இல்லை. என் கணவரின் கையும் இல்லை.

ஆறு வாரத்தில் காயம் ஆறிவிட்டது. கை இன்னும் இருப்பதுபோலவே இருக்கிறது என்றார். நரம்பு செய்கிற வேலை, இப்படிச் சொல்கிற நோயாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன், போகப் போகச் சரியாகிவிடும் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இல்லையென்று தலையை ஆட்டினார்.

"வலியெல்லாம் இல்ல. யாரோ அந்தக் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்குறாங்க. மூச்சு விரல்ல படுது. அதான் நான் அசையாம இருக்கேன்."

இன்று காலை மாத்திரை கொடுக்கப் போனேன். தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. காலியான சட்டைக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"சத்தம் போடாத," என்றார், உதடு மட்டும் அசைய. "முழிச்சிடுச்சு."

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய வலது தோள் தரையை நோக்கி வெடுக்கென்று இழுபட்டது.