இதெல்லாம் ஒரு நாடா?

வெள்ளிக்கிழமை மதியம். பனி செய்யும் உறைவாலையின் உணவுக்கூடத்தில், நாலாவது மேசையைச் சுற்றி, நாட்டைத் திட்டும் கூட்டம் தொடங்கியது. வழக்கம்போல் திரவியம் அண்ணாச்சிதான் எடுத்துக் கொடுத்தார்.

"இதெல்லாம் ஒரு நாடா?"

"அதத்தான நாங்களும் கேக்கோம்!" என்று மேசை முழுவதும் ஒரே குரலில் பதில் சொன்னது.

"சூரியனப் பாருங்க. பத்து மணிக்கு மேல வருது, மூணு மணிக்குக் கெளம்பிருது. எங்க ஊரு தாலுகா ஆபீஸ்லகூட இதவிட நேரம் உக்காருவான்."

"ரொட்டிய விட்டுட்டீங்களே அண்ணாச்சி," என்றாள் ஜெசிந்தா.

"அது ரொட்டியா தாயி? நான் அதக் கதவுக்கு முட்டுக் குடுத்து வச்சிருக்கேன். நாலு மாசமாச்சு, இன்னும் தேயல."

கடைசி நாற்காலியில் இருந்த சோலைராஜ் சிரித்துவிட்டான். ஜெசிந்தா அவன் பக்கம் திரும்பினாள்.

"என்ன சோலை, சும்மா சிரிச்சிட்டு மட்டும் போறீங்க? ஏதாச்சும் திட்டுங்க. ஒடம்புக்கு நல்லது."

உடம்புக்கு இல்லை, விசாவுக்கு. தன் பனியையெல்லாம் வெயிலுக்குப் பறிகொடுத்த வடகரை நாடு, மலைகளுக்குப் புதுப் பனி செய்து போர்த்துவதற்கு அருப்புக்கோட்டையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஆள் எடுத்திருந்தது. வெயிலோடு மல்லுக்கட்டி இவர்களுக்குத்தான் பழக்கம் என்பது அரசின் கணிப்பு. வந்தவர்களுக்குக் கிடைத்தது வேரிலா விசா. வேலை செய்யலாம், வேர் விடக் கூடாது. தங்கிவிடும் எண்ணம் துளிர்க்கிறதா என்று பார்க்கத்தான் பற்றுமானி.

அது தலையில் மாட்டும் ஒரு பட்டை. மனசு எதை நினைத்துச் சூடாகிறது என்று பார்த்து இரண்டு முட்களை அசைக்கும். சிவப்பு முள் இந்த நாட்டுக்கு, நீல முள் சொந்த ஊருக்கு. சிவப்பு கோட்டைத் தாண்டக் கூடாது, நீலம் கோட்டுக்குக் கீழே விழக் கூடாது. தாண்டினால் எதன்மேல் பற்று என்பதைத் திரையில் படமாகவே காட்டிவிடும். மறுவாரமே கப்பல்.

பழக்கிய ஆட்களை இழக்க ஆலைக்கு மனமில்லை. அதனால் யாருக்கும் எதுவும் பிடித்துப் போகாமல் பார்த்துக்கொள்ள ஓர் அதிகாரியையே நியமித்திருந்தது. மேசையில் செடி வளர்க்கத் தடை. பிறந்தநாளுக்கு வாழ்த்தினால் விளக்கம் கேட்பார்கள். அன்பாகப் பேசிய மேற்பார்வையாளர் ஒருவரை வேறு தீவுக்கு மாற்றினார்கள். அதற்கு முன்பே, சூப்பில் மிளகு சரியாகப் போட்டதற்காகச் சமையல்காரர் மாற்றப்பட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமைத் திட்டுக்கூட்டம் மட்டும் தொழிலாளர்களே கண்டுபிடித்த மருந்து. வாரம் ஒருமுறை நாட்டை வாயாரத் திட்டினால் சிவப்பு முள் படுத்துவிடும் என்பது அண்ணாச்சியின் கோட்பாடு. ஆலை நிர்வாகமும் இதை ஆதரித்து இலவசமாகக் காபி கொடுத்தது. குடிக்க முடியாத காபிதான். திட்டுவதற்கு அதுவும் உதவியது.

சோலைராஜுக்கு விசா என்றால் உயிர். அருப்புக்கோட்டையில் இப்போதெல்லாம் பகலில் தெருவுக்கு வரவே அரசு நேரம் ஒதுக்குகிறது. அவன் தெருவுக்குக் கிடைத்தது விடியற்காலை அரைமணி. மற்றபடி வீட்டுக்குள் ஈரத்துணி போர்த்திக் கிடக்க வேண்டும். அங்கே திரும்பிப் போவதை நினைத்தாலே அவனுக்கு வியர்த்தது. அதே சமயம் வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று அவன் காத்துக்கொண்டிருந்தான். ஜெசிந்தா அவனுக்காகக் கடைசி நாற்காலியில் தன் கையுறையைப் போட்டு இடம் பிடித்து வைப்பாள். இது நல்லதற்கில்லை என்று அவனுக்கே தெரியும்.

அந்தச் சோதனைச் சுற்றில் மாட்டியது ஜெசிந்தா.

பற்றுமானி அறையிலிருந்து வெளியே வந்தவள் சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

"செவப்பு முள்ளு ஒடைஞ்சு விழாத கொறைதான்," என்றாள்.

"எதுமேல பற்றுன்னு காட்டுச்சு?" என்று சோலைராஜ் கேட்டான்.

"வெள்ளிக்கிழமை மேல. நாலாவது மேசை மேல." நெற்றியில் பட்டை பதிந்த தடத்தைத் தேய்த்தாள். "திட்டுறதுக்குன்னே ஒரு நாடு வேணும்ல சோலை? ஊருல போயி யாரத் திட்டுவேன்? அங்க திட்டுனா சொந்தக்காரன்ல கோவிச்சுக்கிடுவான்."

"இன்னும் என்னமோ இருக்கு. சொல்ல மாட்டேங்கிறீங்க."

"ஒங்களுக்கு எப்ப சோதனை?"

"நாளைக்கு."

"அப்ப இன்னைக்கு நான் சொல்லக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனாள். கையுறை மட்டும் உணவுக்கூடத்துக் கடைசி நாற்காலியிலேயே கிடந்தது.

மறுநாள் அவனுடைய சிவப்பு முள் கோட்டை மயிரிழையில் தொட்டு நின்றது. பற்றுமானி அதிகாரி ஹெல்டர் அதை நெடுநேரம் பார்த்தார். வடகரைக்காரர். வருஷக்கணக்கில் இவர்களோடு பழகியதில் தமிழ் பேசுவார்; எழுதி வைத்துப் படிப்பதுபோல் பேசுவார்.

"அடுத்த முறை இப்படி இருக்கக் கூடாது."

"இருக்காதுங்க."

இருக்கவில்லை. சோலைராஜ் வெள்ளிக்கிழமைகளில் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தான். கையுறையைக் கண்டெடுத்த பொருள்களின் பெட்டியில் போட்டான். தூத்துக்குடியிலிருந்து ஜெசிந்தா அழைத்தபோதெல்லாம் எடுக்கவில்லை. ஏதாவது பாட்டு நன்றாக இருந்தால் பாதியில் நிறுத்தினான். சன்னலுக்கு வெளியே மலை வெளுப்பாக இருந்தது. வெளுப்பு என்று மட்டும் நினைத்துக்கொண்டான். முதலில் கஷ்டமாக இருந்தது. பிறகு கஷ்டமாக இருப்பதும் நின்றது.

சிவப்பு முள் பூச்சியத்தில் படுத்தது. கூடவே நீல முள்ளும் இறங்க ஆரம்பித்ததை அவன் கவனித்தான். வீட்டுக்கு மெயின் சுவிட்ச் ஒன்றுதான். ஓர் அறையை மட்டும் இருட்டாக்க முடியவில்லை. அம்மா பேசும்போது "ம்" என்றான். அம்மா அழும்போதும் அதே "ம்" பொருத்தமாகத்தான் இருந்தது.

அந்தக் கோடையில் பனிப்படுக்கையில் விரிசல் விட்டது. விரிசலைத் தாண்டித்தான் தினமும் எல்லோரும் வேலைக்குப் போனார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் பாதி மலை கடலுக்குள் இறங்கியது. விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"நம்ம ஊரா என்ன?"

வடகரை நாடு அதிர்ந்துபோய்ச் சட்டத்தைத் தலைகீழாக மாற்றியது. இனி அக்கறை உள்ளவர்கள்தான் வேண்டும். சிவப்பு முள் கோட்டுக்கு மேலே போனால் வேர் விசா, நிரந்தரம். போகாதவர்களுக்குக் கப்பல். ஊரிலிருந்து பொய்யாகப் பற்று வளர்த்துக்கொண்டு யாரும் வந்துவிடக் கூடாதே என்று ஒரு பிரிவையும் சேர்த்தார்கள். பற்று வைத்திருக்கும் பொருள் இப்போதும் நாட்டுக்குள் இருக்க வேண்டும்.

திரவியம் அண்ணாச்சிக்கு உடனே வேர் விசா கிடைத்தது. அவர் திட்டத் திட்ட முள் ஏறியதாகச் சொன்னார்கள். கடைசியில் ரொட்டிப் படம் வந்ததாம்.

சோலைராஜின் முறை வந்தது. ஹெல்டர் பட்டையை மாட்டிவிட்டுத் திரையில் மலையைக் காட்டினார். ஆலையைக் காட்டினார். நாலாவது மேசையைக் காட்டினார். முள் அசையவில்லை. அருப்புக்கோட்டையைக் காட்டினார். நீலமும் அசையவில்லை. கருவி பழுதோ என்று தட்டிப் பார்த்தார்.

"சிவப்பும் பூச்சியம். நீலமும் பூச்சியம். இப்படி நான் கண்டதில்லை."

"கப்பல் எப்பங்க?" என்று கேட்டான் சோலைராஜ். கேட்டபோது வியர்க்கவில்லை.

"கப்பல் வேண்டாம். பற்றுமானிக்கு அதிகாரிகள் கிடைப்பதில்லை. எந்தப் பக்கமும் சாயாதவராக இருக்க வேண்டும். எங்கள் மக்களுக்குச் சிவப்பு ஏறிவிடுகிறது. எனக்கே இப்போது ஏறுகிறது, அதனால் என்னை மாற்றுகிறார்கள். இந்த நாற்காலி உங்களுக்கு. முள் பூச்சியத்தில் இருக்கும்வரை விசாவும் உங்களுக்கு."

அவன் உயிராக நினைத்தது கிடைத்துவிட்டது. சோலைராஜ் நன்றி சொன்னான். சொல்ல வேண்டும் என்று நினைவு இருந்தது.

அதிகாரி வேலை அவனுக்குச் சரியாக அமைந்தது. அதிகாரிகளும் பட்டை மாட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். வந்தவர்கள் கெஞ்சினார்கள், சிரித்தார்கள், கையைப் பிடித்தார்கள். அவன் முள்ளை மட்டும் பார்த்தான். தீர்ப்பில் பிழையில்லாத அதிகாரி என்று துறை பாராட்டியது.

ஆலைப் பனி கொட்டிய ஒரு காலையில் கதவு திறந்தது.

"சோலை! ஏ யப்பா, நீங்களா!"

ஜெசிந்தா. தூத்துக்குடியிலிருந்து புதுச் சட்டத்தை நம்பிக் கப்பலேறி வந்திருந்தாள். முகத்தில் வெயில் கொப்புளங்களின் தழும்பு. எதிரே உட்கார்ந்து பட்டையைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எத்தன தடவ கூப்பிட்டேன். ஒரு தடவ எடுத்தா என்ன கொறஞ்சு போச்சு? சரி விடுங்க. அப்ப பற்று வந்தா அனுப்புனான், இப்ப பற்று இல்லன்னா அனுப்புறான். நல்ல நாடுய்யா." சிரித்தாள். "கூட்டம் இன்னும் நடக்குதா?"

"தெரியல. நான் போறதில்ல."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள்.

அவளுடைய சிவப்பு முள் விறுவிறுவென்று ஏறிக் கோட்டைத் தாண்டி, முனையில் முட்டி நடுங்கியது. திரையில் படம் தெளிந்தது. நாலாவது மேசை. கடைசி நாற்காலி. அதில் ஓர் இளைஞன். திட்ட வராமல், தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கும் இதத்தான் காட்டுச்சு," என்றாள் ஜெசிந்தா மெதுவாக. "ஒங்க முள்ளும் ஏறிரக் கூடாதுன்னுதான் சொல்லல."

சோலைராஜ் படத்தைப் பார்த்தான். பிறகு தன் பட்டையின் முள்ளைப் பார்த்தான். பூச்சியம். திரையில் கடைசிக் கேள்வி வந்து நின்றது: பற்றின் பொருள் இப்போது நாட்டுக்குள் உள்ளதா?

அவன் யோசித்தான். அவசரப்படவில்லை. அந்த இளைஞனை ஆலையில் தேடினான், உணவுக்கூடத்தில் தேடினான், கடைசியாக இந்த நாற்காலியிலும் தேடினான். நேர்மையான அதிகாரி அவன்.

'இல்லை' என்பதை அழுத்தினான்.

கதவுக்கு மேல் கப்பல் விளக்கு எரிந்தது. ஜெசிந்தா அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். வாசலில் நின்று திரும்பினாள். கண் கலங்கியிருந்தாலும் குரல் பழைய குரல்தான்.

"இதெல்லாம் ஒரு நாடா?"

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

இதற்கு ஏதோ ஒரு பதில் உண்டு, எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள் என்பதுவரை சோலைராஜுக்கு நினைவு வந்தது. அடுத்தவரை அழைக்கும் மணியை அடித்தான்.