தண்ணீர் குடித்துச் செத்த பாலைவனம்

மீனாம்பிகையின் பாலைவனம் அழுகிப்போய்விட்டது.

விடிந்தால் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி. முதலாவதாக வரும் மேசை வட்டுக்கோட்டையில் நடக்கும் பெரிய கண்காட்சிக்குப் போகும். அதற்காக மீனா மாதகல் கடற்கரை மணலைத் தட்டில் பரப்பி, நடுவே ஒரு நாகதாளிக் கள்ளியை நட்டிருந்தாள். இப்போது அந்தக் கள்ளி அவித்த கத்தரிக்காய் மாதிரித் தொங்கியது. அதன் நாற்றமோ, சொல்ல வேண்டாம்!

"பிள்ளை, உதுக்கு என்ன செய்தனீ?" சோமசேகரம் மாஸ்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"ஒண்டும் செய்யேல்லை, சேர். ஒவ்வொரு நாளும் வடிவாத் தண்ணி விட்டனான்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

மீனா என்ன செய்வாள்? அவள் பண்டத்தரிப்புத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. அவள் ஐயா என்று கூப்பிடும் தகப்பன் முத்துக்குமாரு விடியமுன் புகையிலைக்குத் தண்ணீர் இறைப்பார். மீனா மிளகாய்க்கு வாய்க்கால் திருப்பிவிடுவாள். விடாவிட்டால் வாடும் செடியைத்தான் அவளுக்குத் தெரியும். விட்டால் சாகும் செடியை அந்த ஊரில் யார் கண்டார்கள்?

"பாலைவனத்திலை வெள்ளம்! மீனும் வளர்த்திருக்கலாமே, எடி!" என்று பலமாகச் சிரித்தான் அடைக்கலநாதன்.

பக்கத்து மேசை அவனுடையது. கிணற்றின் உட்சுவரில் முளைத்த பன்னச் செடிகளையும் பாசியையும் பெயர்த்து வந்து மழைக்காடு அமைத்திருந்தான். இலங்கையின் தெற்கிலுள்ள மழைக்காட்டின் பெயரான 'சிங்கராசாக் காடு' என்பதையும் எழுதி வைத்திருந்தான்.

பள்ளி விட்டதும் மீனா தன் தட்டை எடுக்க வந்தாள். அடைக்கலநாதன் மேசையடியில் குந்தியிருந்தான். அவன் முகத்தில் சிரிப்பைக் காணவில்லை. யன்னலால் சோளகக் காற்று சூடாக வீசியது. பன்னங்கள் எல்லாம் சுருண்டு, பொரித்த அப்பளம் போல நொறுங்கிக்கொண்டிருந்தன.

"தெளிக்கத் தெளிக்கக் காயுது," என்றான் அவன், கண்ணைத் துடைத்தபடி.

மீனாவுக்குச் சிரிப்பு வாய்வரை வந்தது. ஆனால் செடி வாடினால் பொறுக்காத மனம் அவளுக்கு.

"எடேய், இது கிணத்துக்குள்ளை எப்பிடி இருந்தது?"

"பச்சைப் பசேலெண்டு."

"அங்கை காத்து அடியாது. கீழை இருந்து ஈரம் வரும். மழைக்காட்டிலையும் பெரிய மரங்கள் கூரை மாதிரி ஈரத்தை மூடி வைச்சிருக்குமெண்டு மாஸ்டர் சொன்னவரெல்லே? உன்ரை காட்டுக்குக் கூரை இல்லையடா!"

இருவரும் கடைக்காரக் கதிரவேலுவிடம் ஓடினார்கள்.

"உடைச்சால் காதைத் திருகுவன்," என்று சொல்லித்தான் அவர் ஒரு பெரிய வெறும் இனிப்புப் போத்தலைத் தந்தார். அடியில் மண்ணும் பாசியும் போட்டு, வாடாமல் மிஞ்சிய பன்னங்களை நட்டு, உள்ளங்கையைக் குவித்து ஒரு சிரங்கை தண்ணீர் விட்டு இறுக மூடினார்கள்.

"இனி உன்ரை பாலைவனம்?" அடைக்கலநாதன் கேட்டான்.

அழுகிய கள்ளியை எறிய மீனா கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"இதை எறியேல்லை. இதுக்குப் பக்கத்திலை வைக்க இன்னொண்டு வேணும். ஒருத்தரும் தண்ணி விடாதது!"

ஒழுங்கை ஓரத்தில் யாரோ வெட்டி எறிந்த நாகதாளித் துண்டொன்று கிடந்தது. மாதக்கணக்கில் மழை இல்லை. இருந்தும் அது பச்சையாகவே இருந்தது. அடியில் புது வேரும் விட்டிருந்தது. அதைத் தூக்கிய அடைக்கலநாதன், "ஐயோ, முள்ளு!" என்று கத்தியபடியே பள்ளிவரை வந்தான்.

மறுநாள் ஊரே கண்காட்சிக்குத் திரண்டது. காலை வெயில் பட்டதும் போத்தலின் உள்ளே பனி படர்ந்தது. துளிகள் திரண்டு வழிந்தன.

"காட்டுக்குள்ளை மழை பெய்யுது!" என்று சின்னப் பிள்ளைகள் துள்ளினார்கள்.

"ஆர் தண்ணி விட்டது?" என்று கேட்டார் பார்வையிட வந்த கல்வி அதிகாரி.

"ஒருத்தரும் இல்லை, சேர். இலையளும் மண்ணும் விட்ட ஈரம்தான் திரும்ப மழையா விழுது," என்றான் அடைக்கலநாதன். உடனே, "மூடி போடச் சொன்னது மீனா," என்றும் சொன்னான்.

மீனாவின் மேசையைத் தோட்டக்காரர்கள் மொய்த்திருந்தார்கள். 'தண்ணீர் குடித்தது', 'தண்ணீர் காணாதது' என்று எழுதிய இரண்டு கள்ளிகள் அங்கே இருந்தன.

"தண்ணி விட்டுச் செத்ததோ? என்ன கதை கதைக்கிறாய், பிள்ளை?" என்றார் ஐயா.

"ஓம் ஐயா, சாகடிச்சது நான்தான்! இது மழை வாற நேரம் குடிச்சு உடம்புக்குள்ளை சேர்த்து வைக்குமெண்டு மாஸ்டர் விளங்கப்படுத்தினவர். இலை இருந்தால் ஈரம் போயிடுமெண்டு முள்ளு வைச்சிருக்கு. நான் சும்மா சும்மா ஊத்த, வேர் அழுகிப் போச்சு."

ஐயா வாயைப் பிளந்தார். அதிகாரி இரண்டு மேசைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாஸ்டர், ஒண்டைப் பாத்தால்தான் மற்றது விளங்குது. ரெண்டு மேசையையும் சேருங்கோ. ரெண்டு பேரும் வட்டுக்கோட்டைக்கு வரட்டும்!"

கைதட்டலில் யன்னல் கதவுகள் அதிர்ந்தன.

வட்டுக்கோட்டை பஸ்ஸில் போத்தலை அணைத்தபடி அடைக்கலநாதன் இருந்தான். இரண்டு கள்ளிகளும் இருந்த தட்டை மடியில் வைத்தபடி மீனா இருந்தாள். கொண்டக்டர் மூக்கைச் சுளித்தார்.

"உதென்ன பிள்ளை, இந்த நாத்தம்?"

மீனா தலையை நிமிர்த்திச் சொன்னாள்:

"முதற்பரிசு, அண்ணை!"